கைக்கடிகார வாரும் கிணற்று நீரும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில், சிறுமலைத் தொடரைக் கண்ணெதிரே கொண்டு அமைந்திருக்கின்றது சின்னாளப்பட்டி. கைத்தறிக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே சேலை வாங்க வரும் தாய்மார்கள் வண்ணத்தைக் கண்ட மாத்திரத்தில் விலை பேசிவிடுவதில்லை. முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள். நூலை விரல்களுக்கிடையே நெருடிப் பார்ப்பார்கள். சாயம் நிற்குமா என்று கேட்பார்கள். உடம்பில் படப்போகும் பொருளை அப்படித்தான் ஆராய்ந்து வாங்க வேண்டும்.

ஆனால், அதே குடும்பத்தார் கைக்கடிகாரம் வாங்கச் சென்றால் முகப்பைப் பார்க்கின்றனர், முள்ளைப் பார்க்கின்றனர், செய்தவர் பெயரைப் பார்க்கின்றனர். நாள் முழுதும் மணிக்கட்டோடு ஒட்டிக் கிடந்து, வியர்வையையும் தண்ணீரையும் புழுதியையும் தாங்கப்போகின்ற வாரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது எந்தத் தோல்? எப்படிப் பதனிடப்பட்டது? எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டால், அவ்வழி ஐரோப்பிய அரண்மனை ஒன்றில் தொடங்கித் திண்டுக்கல் வட்டாரத்துக் கிணற்றடியில் வந்து முடிகின்றது. அதனால்தான் இச்சிறு பொருளின் வரலாற்றை ஈண்டு எழுத நேர்ந்தது.

பையிலிருந்து கைக்கு

கடிகாரம் நெடுங்காலம் பையிலேயே வாழ்ந்தது. அதை முதன்முதல் மணிக்கட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் பெண்மக்கள். நேப்பிள்ஸ் நாட்டு அரசியும் நெப்போலியனின் தங்கையுமான கரோலின் மூரா, 1810-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கடிகார மேதை பிரெகே என்பவரிடம் கையில் அணியும் கடிகாரம் ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அது 1812-இல் முடிந்தது. அதன் வார் தோலாலானது அன்று. மயிரும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னப்பட்டது. அன்று கைக்கடிகாரம் ஓர் அணிகலன். வார் என்பது ஒரு வளையல்.

ஆண்கள் அதை ஏற்க மறுத்தனர். கையில் கடிகாரம் கட்டுவது பெண்மையின் அடையாளம் என்று எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியது போர்க்களம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், குதிரை மேலிருந்தவாறே நேரம் பார்க்க வேண்டிய வீரர்கள், பைக்கடிகாரத்தைக் கிண்ணம் போன்ற தோலுறையில் பொருத்தி மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில் இது பெருவழக்காயிற்று. பீரங்கிகள் எந்த நிமிடத்தில் முழங்க வேண்டும், காலாட்படை எந்த நிமிடத்தில் பதுங்குகுழியை விட்டு எழ வேண்டும் என்பதெல்லாம் கடிகார முள்ளைப் பொறுத்திருந்தது. ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் வரைபடமும் ஏந்தியவன் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியுமா? கடிகாரத்தின் இருபுறமும் கம்பிக் காதுகள் பற்றவைக்கப்பட்டு, அவற்றினூடே தோல்வார் கோக்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களின் கையில் இருந்த தோல்வாரைக் கண்டு எள்ளி நகையாட எவருக்கும் துணிவு வரவில்லை.

அப்போரில் நம் மாநிலத்துக்கும் ஒரு பங்குண்டு. ஆங்கிலப் படையினரின் காலணிகளுக்கு மேல்தோலாக அமைந்தவற்றுள் சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட மாட்டுத்தோலும் ஒன்று. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் அது இலண்டன் சந்தையில் விலைபோயிற்று.

ஆவாரம் பட்டை

கிழக்கிந்தியத் தோலின் சிறப்பு எதில் இருந்தது? நம் ஊர்ப் பொட்டல் வெளிகளில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியில் இருந்தது. உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிரும் கொழுப்பும் நீக்கி, சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம் பட்டைச் சாற்றில் அமிழ்த்துவார்கள். பின்னர் கடுக்காய்ச் சாறு. அதன்பின் புங்க எண்ணெய். இறுதியில் நிழலில் உலர்த்தல். வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. இவ்வாறு பதனிட்ட தோல் இறுக்கமும் வலுவும் உடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல நிறம் ஆழ்ந்து மெருகேறும். 2008-ஆம் ஆண்டில் இது புவிசார் குறியீடும் பெற்றது. கடிகார வாரையும் நாம் பட்டை என்றே அழைக்கின்றோம். அந்தப் பட்டைக்கு உயிர் கொடுத்தது இந்தப் பட்டைதான் என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் இத்தொழிலை வளர்த்தவர்களுள் நம்மவர் பலர். தோல் வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்விக்கூடங்களும் எழுப்பியோர் உண்டு. அத்தொழில் மார்க்கத்துக்கு அயலானதும் அன்று. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி. பதனிடுவதால் தோல் தூய்மை அடைகின்றது என்ற சட்டமும் அதையொட்டியே விளக்கப்படுகின்றது. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் பன்றித் தோலை இதிலிருந்து விலக்கியுள்ளன.

கடிகார வார் வாங்குவோருக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. மேல்நாட்டுச் சந்தையில் பன்றித்தோல் வார்களும் அவற்றை உள்ளடியாக வைத்துத் தைத்த வார்களும் உண்டு. பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகக் கூடி நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் இவ்வேறுபாடு தெரியும். மேற்புறம் சாயமும் அச்சுமிட்டு மறைக்கப்பட்டிருந்தால் கண்டறிவது அரிது. அப்போது விற்பவரைக் கேட்டுத் தெளிவதே முறை.

வாரின் வகைகள்

தோல்வார் என்பது ஒற்றைத் தோல் அன்று. மேலே அழகுக்கு ஒரு தோல், உள்ளே கைபடும் மெல்லிய தோல், இடையே பருமனுக்கு ஓர் அடைப்பு என மூன்று அடுக்குகளைத் தைத்தும் ஒட்டியும் செய்வது வழக்கம். கன்றுத்தோல் மென்மையானது, ஆட்டுத்தோல் மெல்லியதாயினும் உறுதியானது, எருமைத்தோல் தடித்தது. முதலைத்தோல் வார் ஒருகாலத்தில் செல்வச் செருக்கின் சின்னமாக விளங்கியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தான உலக உடன்படிக்கையும் அவ்வாணிகத்துக்குக் கடிவாளமிட்டன. இன்று நாம் காணும் ‘முதலைத்தோல்’ வார்களில் பெரும்பாலானவை மாட்டுத்தோலில் அச்சிட்ட கட்டங்களே.

துணிவாரின் கதை நெசவாளர் ஊராருக்குச் சுவையானது. 1973-இல் ஆங்கிலப் பாதுகாப்பு அமைச்சகம் தன் படையினருக்கு நைலான் நாடாவாலான வார் ஒன்றை வரையறுத்தது. அகலம் 20 மில்லிமீட்டர், நிறம் சாம்பல். கடிகாரத்தின் அடியில் முழு நீளத்துக்கு ஓடுவதால், ஒருபுறத்து ஊசி முறிந்தாலும் கடிகாரம் கீழே விழாது. நனைந்தால் விரைவில் உலரும். 1969-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ வீரர்களுக்கு அளிக்கப்பட்ட கடிகாரங்களிலும் தோலுக்கு இடமில்லை. பருத்த விண்ணுடையின் மேல் சுற்றிக் கட்டுவதற்கேற்ப, ஒட்டிப் பிரிக்கும் நீண்ட துணிவாரே பயன்பட்டது.

உலோகச் சங்கிலியை நம் குடும்பங்கள் நன்கறியும். கடல் கடந்து சென்ற சபுராளிகள் ஊர் திரும்பும்போது கொண்டு வந்த கடிகாரங்கள் பெரும்பாலும் ‘செயின்’ பூட்டியவை. கை மெலிந்தவர்கள் கண்ணிகளைக் கழற்றிக் குறைத்துக்கொள்வார்கள். கழற்றிய கண்ணிகள் பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். துருப்பிடிக்காத எஃகு வியர்வைக்கும் தண்ணீருக்கும் அஞ்சாது. ஆயினும் சிலருக்கு நிக்கல் கலந்த உலோகம் பட்டால் தோல் சிவந்து அரிக்கும். தங்கச் சங்கிலி ஆண்களுக்கு ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1983-இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் அதிர்ச்சி தாங்கும் கடிகாரத்தைப் பிசின்வாரோடு வெளியிட்டது. இன்றைய திறன்கடிகாரங்களில் சிலிக்கோன் வாரே மிகுதி. விலை குறைவு, கழுவுவது எளிது. ஆனால் காற்றுப் புகாமல் வியர்வையை உள்ளே தேக்கிவிடுவது அதன் குறை.

1961-இல் பெங்களூரில் ஜப்பானியத் துணையோடு எச்.எம்.டி. கடிகாரங்கள் வரத்தொடங்கிய பின்னரே கைக்கடிகாரம் நடுத்தர வீடுகளை எட்டியது. 1984-இல் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. ஓசூரில் ஆலை எழுந்தது. எச்.எம்.டி. கடிகாரத் தொழில் 2016-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் கடிகாரங்களோ, பலமுறை வார் மாற்றப்பட்டு இன்னும் பல கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீரின் கணக்கு

தோல்வாரின் பெரும்பகை தண்ணீர். நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்யும் நம்மவர் கையில் அது படும்பாடு தனி. வார் இறுகியிருந்தால் அதனடியில் நீர் புகாது. எனவே அதைக் கழற்ற வேண்டும், அல்லது தளர்த்தி நகர்த்த வேண்டும். கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொள்வதே வாருக்கும் நல்லது. நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துதல் தகும். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும்.

தண்ணீருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் மென்தோல் வேண்டும் என்ற தேவைக்கு விடையாக வந்ததுதான் குரோமியப் பதனிடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இம்முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. வாரக்கணக்கான வேலை நாட்கணக்கில் முடிந்தது. 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் அப்படியே அனுப்பாமல், முழுமையாகச் செய்து முடித்த பொருளாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று வழிகாட்டியது. நாட்டுக்கு வருவாய் பெருகியது; பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. அதுகாறும் வெளிநாட்டில் நடந்த பணிகள் நம் மண்ணுக்கு வந்தன. அவற்றின் கழிவும் கூடவே வந்தது.

அதன் விளைவு என்ன? வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் எடுத்த கணக்கின்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயின என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகின்றது. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியையும், கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் ஆலை நடத்தலாகாது என்பதையும் நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் தேவை அதன்பின் எவராலும் மறுக்க முடியாததாயிற்று.

குரோமியத்தின் மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் தப்பிவிடவும் இயலாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க இடும் கறியுப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும் இரு முறைகளுக்கும் பொது. மண்ணில் இறங்கிய உப்பை மீட்பது எளிதன்று. ஆவாரம் பட்டையில் பதனிட்டாலும் கழிவுநீருக்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் கிணறுகளுக்குரியவர்கள் யார்? நம் அண்டை வீட்டார். நமக்கு நெல்லும் காய்கறியும் விளைவித்துத் தந்தவர்கள். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது, ஓதும் பள்ளியில் நாம் சிறுவயதிலேயே கேட்ட பாடம். மணிக்கட்டில் ஒரு சொட்டுக் கூடுதலாகச் சிந்துவதற்குத் தயங்கக் கற்றுக்கொண்ட நாம், ஊர்க் கிணற்றின் பொருட்டு அதனினும் மிகுதியாகத் தயங்கியிருக்க வேண்டாமா? தொழில் செய்தவர் மட்டுமன்று, மலிவாகக் கிடைத்தால் போதும் என்று வாங்கிய நாமும் இக்கேள்விக்கு உரியவர்களே.

தோலைத் துறந்துவிடுங்கள் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. உணவுக்காக அறுக்கப்பட்ட பிராணியின் தோல் வீணாகாமல் பயன்படுவது நன்றே. நன்கு பதனிட்ட தோல்வார் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சின்னாளப்பட்டிக் கடையில் சேலையின் நூலை நெருடிப் பார்க்கும் அந்த விரல்கள், கடிகார வாரையும் ஒருமுறை நெருடிப் பார்க்கட்டும். இது என்ன தோல், எந்த ஊரில் பதனிட்டது, அவ்வாலையின் கழிவுநீர் எங்கே போகின்றது என்று கேட்கட்டும். கடைக்காரரிடம் உடனே விடை இல்லாமற் போகலாம். பலரும் கேட்கத் தொடங்கினால், அவர் தமக்கு விற்பவரைக் கேட்பார். அவர் ஆலைக்காரரைக் கேட்பார்.

அடுத்த தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும்போது வாரைத் தளர்த்தி நீரில் கைவைக்கின்றோம். அந்நீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவதைப் போலவே, ரெட்டியார்சத்திரத்துத் தாயும் தன் குடத்து நீரைப் பற்றி விரும்பியிருப்பாள் அல்லவா?