தலமரங்களும் அவற்றின் பெயர் வரலாறும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றோடு தலமரத்தையும் சேர்த்துப் போற்றுவது நம் திருக்கோயில் மரபு. சிதம்பரத்திற்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவிற்கு வெண்ணாவல் எனத் தலந்தோறும் ஒரு மரம் சிறப்புறுகின்றது. அரசும் வேம்பும் வில்வமும் துளசியும் அறியாத அடியார் இலர். இவற்றுக்கு உலக அறிஞர் அனைவரும் பொதுவாக வழங்கும் பெயர்களும் உள. அப்பெயர்கள் மேனாட்டார் தாமே படைத்தவை என்று கருதுவோர் பலர். அவற்றின் வரலாற்றை ஆராயின், நம் மண்ணில் விளைந்த அறிவும் அவற்றுள் கலந்திருப்பது புலனாகும்.

தாவரங்களை வகைப்படுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பகுத்துரைக்கின்றது. இதன்படி ஓங்கி வளரும் தென்னையும் பனையும் புல்லினத்தைச் சார்ந்தவை. இன்றைய தாவரவியலும் தென்னை, பனை, புல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒரு தொகுதியில் வைத்து, மா, வேம்பு போன்ற இருவித்திலைத் தாவரங்களினின்று பிரித்துக் காட்டுவது எண்ணி மகிழத்தக்கது.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒரு செடியின் பெயர் நீண்ட இலத்தீன் தொடராகவே இருந்தது. நூலுக்கு நூல் அது வேறுபட்டும் வந்தது. இக்குழப்பத்தைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். 1753ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இரண்டே சொற்களாலான பெயர்களை அவர் வழங்கினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். அரசமரம் ‘ஃபைக்கஸ் ரெலிஜியோசா’ ஆயிற்று. சமயத்திற்குரிய அத்தி இனம் என்பது இதன் பொருள்.

இந்திய மண்ணை மிதித்தறியாத லின்னேயஸ் அரசையும் வில்வத்தையும் எவ்வாறு அறிந்தார்? அவருக்குத் துணைநின்ற நூல்களுள் ஒன்று ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. ‘மலபார்த் தோட்டம்’ என்பது அதன் பொருள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் அதனைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. செடிகளின் படங்களோடு அவற்றின் உள்ளூர்ப் பெயர்களும் மருத்துவப் பயன்களும் அதில் இடம்பெற்றன.

இத்தகவல்களைத் தந்தவர்களுள் தலைசிறந்தவர், சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் ஆவார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உதவினர். அச்சுதன் சொன்னவை முதலில் போர்த்துக்கீசிய மொழியிலும், பின்னர் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டன. அவர் 1675இல் அளித்த சான்றுரை, அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. பரம்பரை மருத்துவர் ஒருவரின் பெயரை மறைக்காது அச்சிட்ட அந்நேர்மை போற்றத்தக்கது.

இனி வில்வத்தின் பெயரை நோக்குவோம். அச்சுதன் வழங்கிய மலையாளப் பெயர் கூவளம். அந்நூலில் அது ‘கோவளம்’ என இலத்தீன் எழுத்தில் பதிவாயிற்று. லின்னேயஸ் வில்வத்திற்குப் புதுப்பெயர் சூட்டியபோது இப்பெயரையும் எடுத்துக்காட்டினார். இதுவோ நம் பழந்தமிழ்க் கூவிளமே அன்றி வேறன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் கூவிளமும் ஒன்று. யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என ஓதுவதும் இச்சொல்லையே. பின்னர், 1800ஆம் ஆண்டில், கொரேயா என்னும் போர்த்துக்கீசிய அறிஞர் வில்வத்தை ‘ஈகிள்’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். பொற்கனிகளைக் காத்த கிரேக்கப் புராண நங்கை ஒருத்தியின் பெயர் அது.

துளசியின் வரலாறும் சுவையானது. லின்னேயஸ் 1753இல் அதற்கு ‘ஓசிமம் டெனுயிஃப்ளோரம்’, அதாவது மெல்லிய பூவுடையது எனப் பெயரிட்டார். 1767இல் ‘ஓசிமம் சாங்டம்’, அதாவது புனிதமானது என்றும் ஒரு பெயர் தந்தார். இரண்டும் ஒரே செடி எனப் பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயரே நிலைக்கும் என்பது தாவரவியல் விதி. ஆதலின் முதற்பெயரே இன்று ஏற்புடையது. எனினும் அடியார் உள்ளத்தில் அதன் புனிதம் சிறிதும் குறைவதன்று.

லின்னேயஸின் மாணவரான கூனிக் 1768இல் தமிழகத்துத் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர்ச் சயாமுக்கும் மலாக்காவுக்கும் சென்று செடிகளை ஆராய்ந்தார். கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் அவர் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. தமிழ் முருங்கை ‘மோரிங்கா’ ஆனது. மலாய் மக்களின் டுரியான் ‘டுரியோ’ ஆனது. பாண்டான் ‘பாண்டானஸ்’ ஆனது. உலகப் பெயர்ப்பட்டியலில் எளிய மக்களின் சொற்கள் இவ்வாறு இடம்பெற்றுள்ளன.

ஆயினும் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சுதன் வழங்கிய அறிவு இலத்தீனில் உறைந்து கிடந்தமையால், அவர்தம் வழித்தோன்றல்களே அதனைப் படிக்க இயலாதிருந்தது. பேராசிரியர் மணிலால் பல்லாண்டுகள் உழைத்து ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது; மலையாளப் பதிப்பு 2008இல் வந்தது. முதல் தொகுதி அச்சேறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

பெயரை மறந்தால் அப்பெயரோடு இணைந்த அறிவும் அகன்றுவிடும். திருக்கோயில் நந்தவனத்து மரம் ஒவ்வொன்றிலும் அதன் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் அறிவியற்பெயரையும் எழுதிவைப்பது பெருஞ்செலவுடைய பணியன்று. அருச்சனைக்கு வில்வம் பறிக்கும் சிறுவர்க்கு அதன் பழம்பெயர் கூவிளம் என்று பெரியோர் சொல்லித்தருவாராயின், கபிலரும் அச்சுதனும் காத்துத் தந்த சொல் அடுத்த தலைமுறைக்கும் சென்று சேரும்.