ஊசியும் விளக்கும்: கார்களின் முகப்புப் பலகை சொல்லும் வரலாறு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் இலங்கையில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் ஒருநாள், கார் வாங்கும் எண்ணத்திலிருந்த நண்பர் ஒருவருக்குத் துணையாகக் கொழும்பில் ஒரு காட்சியறைக்குச் சென்றிருந்தேன். புத்தம் புதிய ஜப்பானியக் கார். உள்ளே அமர்ந்ததும் மென்மையான இருக்கையும் இடைவெளி தெரியாமல் பொருந்திய பாகங்களும் அகலமான தொடுதிரையும் நண்பரைக் கவர்ந்துவிட்டன. நானோ முகப்புப் பலகையில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் வெப்பத்தைக் காட்டும் ஊசி அதில் இல்லை. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஊசியும் இல்லை. "ஏதேனும் பிழை ஏற்பட்டால் விளக்கு எரியும், ஐயா" என்றார் விற்பனையாளர்.

அந்த விளக்கை எனக்கு முன்பே தெரியும். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், உள்நாட்டில் செய்த கார், இறக்குமதிக் கார் என்று நம்மவர்கள் காலங்காலமாகப் பேசிவரும் ஒப்பீட்டின் பின்னணியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலங்கைக்கு வந்த கார்களிற் பெரும்பாலானவை பிரித்தானியாவில் உருவானவை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்பன யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெயர்கள் போலவே புழங்கின. அவற்றின் மானிகள் பலவற்றில் 'சிமித்ஸ்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மின்சாதனங்கள் 'லூக்காஸ்' நிறுவனத்தினுடையவை. அக்காலத்து மானிகள் எளிய பௌதிக விதிகளால் இயங்கியவை. வேகமானிக்குள் ஒரு காந்தம் சுழலும். அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தை அது இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்க, அவ்விரண்டின் சமநிலையில் ஊசி நிற்கும். ஜேர்மனியரான ஒட்டோ சூல்ற்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற முறை அது. எண்ணெய் அழுத்தமானிக்கு இயந்திரத்திலிருந்து ஒரு நுண்குழாய் நேரடியாகவே வந்து சேரும். எண்ணெயின் அழுத்தம் கூடினால் மானிக்குள் வளைந்திருக்கும் குழாய் நிமிர முயலும், ஊசி நகரும். இடையில் மின்சாரம் இல்லை, மின்குமிழ் இல்லை.

ஆனால் இறக்குமதிக் கார் என்பதாலேயே எல்லாம் உயர்ந்தவை என்று கொள்ளலாகாது. எச்சரிக்கை விளக்கை 1930களிலேயே அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. மானியைவிட விளக்கு மலிவு. 1954இல் மொறிஸ் மைனரின் முகப்புப் பலகை மாற்றப்பட்டபோது, நடுவே ஒற்றை வட்டமாக வேகமானி வந்தது. எரிபொருள் மானி அதற்குள்ளேயே அடங்கியது. எண்ணெய்க்கு ஒரு விளக்கு மட்டுமே. மானி நடுவில் இருந்தால், வலப்பக்கச் சாரதிக்கும் இடப்பக்கச் சாரதிக்கும் ஒரே பலகை போதும். ஏற்றுமதியை நம்பியிருந்த நாட்டுக்கு அது சிக்கனமாயிற்று. நாம் அழகு என்று பார்த்த பலவற்றின் பின்னால் இத்தகைய கணக்குகள் இருந்தன.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி இலங்கையின் கார் இறக்குமதியை ஏறத்தாழ முடக்கியது. இருந்த கார்களையே பேணி ஓட்டவேண்டிய நிலை. 1970களில் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்றார். பின்னர் 1981இல் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளைத் தொடங்கியவரும், 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து திரும்புகையில் விமானத்தோடு காணாமற் போனவரும் அவரே. அவருடைய கார்கள் வெளிநாட்டுப் பாகங்களின் பொருத்தலே என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனினும் தொழிற்சாலை என்பது திருகாணி முறுக்குவதிலிருந்துதான் எங்கும் தொடங்கியிருக்கிறது.

உள்நாட்டு உற்பத்தி என்பதை முழுமையாக முயன்று பார்த்த நாடு இந்தியா. 1950களில், பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற கொள்கை வந்தபோது, வெறும் பொருத்தலை நம்பியிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ், ஃபோர்ட் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் அங்கிருந்து வெளியேறின. வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ், மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாவது வரிசையை 1957இல் 'அம்பாசடர்' ஆக்கியது. பிரித்தானியாவில் 1959இல் நின்றுபோன அந்த மாதிரி, இந்தியாவில் 2014 மே வரை உற்பத்தியானது.

அம்பாசடரின் உட்புறத்தை அதன் மூலக்காருடன் ஒப்பிட்டவர்கள் சொல்லும் குறைகள் அறியப்பட்டவை. சரியாகப் பொருந்தாத கதவுகள், கையோடு வரும் கைப்பிடிகள், நினைத்தபோது மட்டும் அசையும் மானி ஊசிகள். ஹோர்னைத் தவிர மற்றெல்லாம் சத்தமிடும் என்பது பழைய பகிடி. ஆனால் காரணத்தை யோசிக்க வேண்டும். வாங்குபவர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்த சந்தையில், இடைவெளியைக் குறைக்க உற்பத்தியாளருக்கு எந்த அவசரமும் இல்லை. விலையை அரசு கட்டுப்படுத்தியபோது தரத்துக்குச் செலவிடவும் ஊக்கம் இல்லை. அதேவேளை, அந்தப் பாதுகாப்பின் நிழலிலேதான் பாகங்கள் செய்யும் தொழில்கள் வேர்கொண்டன. கோயம்புத்தூரில் 1970களில் தோன்றிய பிரிக்கால் நிறுவனம், வாகன மானிகளைச் செய்வதையே தன் தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. 1983 டிசம்பரில் ஜப்பானின் சுசுக்கியுடன் இணைந்த மாருதி 800 வந்தபோது, இந்தியர்கள் தங்கள் நாட்டில் உருவான காரிலேயே ஜப்பானியப் பொருத்தத்தைக் கண்டார்கள். உள்நாட்டுப் பாகங்கள் பெருகப் பெருக, தரத்தில் தேறாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்ற நிலையும் வந்தது. தாழ்ந்துபோனதற்குத் தொழிலாளியின் கை காரணமல்ல, போட்டியின்மையே காரணம் என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு இலங்கைக்கு டட்சன் சனியும் கொறோலாவும் லான்சரும் வந்து இறங்கின. வார்த்தெடுத்த முகப்புப் பலகை, ஒரே அழுத்தத்தில் இயங்கும் ஆளிகள், மழைக்காலத்திலும் மக்கர் பண்ணாத மின்னிணைப்புகள். பிரித்தானியக் கார்களோடு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அவை வியப்பாகவே இருந்தன. அவற்றின் உட்புறத் தரம் மேலானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஆயினும் 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபின், இந்த ஒப்பீடு யாழ்ப்பாணத்தில் வேறொரு பொருள் கொண்டது. பெற்றோல் இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் சிறிது பெற்றோல் வைத்து இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எஞ்சியது கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் போனால் இயந்திரம் இறுகிவிடும்.

1993இல் ஓர் இரவு என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். நெல்லியடிப் பக்கமிருந்த எங்கள் வீட்டிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். ஊரில் ஓடக்கூடிய கார்கள் இரண்டே. ஒன்று அயலவருடைய, ஒப்பீட்டளவில் புதிய இறக்குமதிக் கார். மற்றது உரப்பை தைத்த இருக்கைகளுடன் வாடகைக்கு ஓடிய பழைய ஏ40. அம்மா சாய்ந்திருக்க வசதி என்று புதியதையே தெரிந்தோம். அயலவரும் மனமுவந்து தந்தார். அந்தக் கார் எந்த நிறுவனத்தினது என்பது இங்கு முக்கியமல்ல, பிழை மண்ணெண்ணெயினுடையது.

வல்லை வெளியில் முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாரதி நிறுத்துவதற்குள் இயந்திரம் ஒருமுறை அலறி ஓய்ந்தது. சுற்றிலும் இருட்டு, உப்புக்காற்று, அம்மாவின் மூச்சொலி. நான் வழியில் வந்த ஒருவரின் சைக்கிளை இரந்து வாங்கி ஊருக்குத் திரும்பினேன். ஏ40 வந்து சேர ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று.

"தம்பி, அம்மாவை ஆட்டாமல் தூக்கி வையுங்கோ" என்றார் அந்தச் சாரதி அண்ணை. புத்தூரைத் தாண்டியதும் காரை நிறுத்தி, வடித்து வைத்திருந்த எண்ணெயைப் போத்தலிலிருந்து ஊற்றினார். நான் பதறினேன். அவர் ரோச் வெளிச்சத்தில் எண்ணெய் மானியைக் காட்டினார்.

"இந்த ஊசி கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கேக்கையே எனக்குச் சொல்லிப்போடும் தம்பி. அந்தச் சிவப்பு லைற்று சொல்லாது, கத்தும். அது கத்தேக்கை எல்லாம் முடிஞ்சிடும்."

அம்மா அன்று பிழைத்தார். இன்னும் பதினாறு ஆண்டுகள் எங்களுடன் இருந்தார். "அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால்..." என்று வைத்தியர் சொல்லி முடிக்காத வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இதை வைத்துப் பழைய கார்களே சிறந்தவை என்று நான் வாதிடவில்லை. சாதாரண பெற்றோலில் ஓடியிருந்தால் அயலவரின் கார் எங்களை அரை மணிநேரத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் கொண்டு சேர்த்திருக்கும். விளக்கை வடிவமைத்தவர்கள், ஒழுங்கான எரிபொருளும் அருகில் கராஜும் உள்ள ஓர் உலகை மனதிற் கொண்டிருந்தார்கள். எங்கள் உலகம் அப்போது அதுவாக இருக்கவில்லை, அவ்வளவே. மானியும் பொய் சொல்லாதது அல்ல. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும்படி மாற்றப்பட்ட மீற்றருடன் எத்தனையோ பாவித்த கார்கள் நம்மவர் தலையில் கட்டப்பட்டுள்ளன.

உள்நாட்டுக் காரா, இறக்குமதிக் காரா என்ற கேள்விக்கு, தைத்த இருக்கையையும் பலகையின் மினுக்கத்தையும் மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. எந்தச் சந்தைக்காக, எந்தச் சாலைக்காக, எவரை நம்பி அது செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நண்பர் ஈற்றில் அந்தக் காரையே வாங்கினார். வாங்கட்டும், நல்ல கார்தான். வீதிக்கு வந்தபோது அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து, எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.