சன்னலோரத்து வல்லூறும் உடைந்த முட்டைகளும்



வீட்டுச் சன்னலிலிருந்தே வேட்டைப் பறவையைக் காணும் வாய்ப்பு இன்று பல மாநகர மக்களுக்குக் கிட்டியுள்ளது. நியூயார்க், இலண்டன் போன்ற நகரங்களில் பொரி வல்லூறு உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளில் முட்டையிடுகின்றது. செங்குத்துப் பாறைகளில் வாழ்ந்து பழகிய அப்பறவைக்குக் கட்டடமும் ஒரு பாறையே. கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள சன் லைஃப் கட்டடத்தில் 1936ஆம் ஆண்டு முதல் 1952 வரை வல்லூறுகள் வாழ்ந்தன.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நம் மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு.

1960ஆம் ஆண்டுவாக்கில், வல்லூறுகள் பெருகித் தங்கள் பறவைகளைக் கொல்வதாகப் பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்போர் முறையிட்டனர். அதன்பொருட்டு 1961இல் டெரெக் ராட்கிளிஃப் தலைமையில் கணக்கெடுப்பு தொடங்கியது. முடிவோ நேர்மாறாக இருந்தது. வல்லூறுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன.

அருங்காட்சியகங்களிலும் தனியாரிடத்திலும் இருந்த பழைய முட்டைகளை ராட்கிளிஃப் எடை பார்த்தார். 1947 வாக்கிலிருந்து ஓடுகள் மெலிந்து வந்தமை புலனாயிற்று. தம் முடிவை 1967இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. பூச்சிகளின் வழியே சிறு பறவைகளையும், அவற்றின் வழியே வல்லூறுகளையும் அடைந்திருந்தது. தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்தபோது அதன் எடையையே முட்டை தாங்கவில்லை!

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960களின் நடுவில் இனப்பெருக்கம் அறவே நின்றது. 1970இல் டாம் கேட் வல்லூறு வளர்ப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1972இல் டி.டி.டி. அங்குத் தடை செய்யப்பட்டது. வளர்த்த குஞ்சுகள் பாறைகளிலும் நகரக் கட்டடங்களிலும் விடப்பட்டன. 1999இல் பொரி வல்லூறு அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

முட்டை சேகரிப்பது பறவைகளுக்குத் தீங்கு செய்த பொழுதுபோக்கு. எனினும், ஒவ்வொரு முட்டைக்கும் நாளும் இடமும் குறித்து வைக்கப்பட்டிருந்தமையால் உண்மை வெளிப்பட்டது. குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து வல்லூறுகள் மலேசியாவுக்கும் வருகின்றன. சன்னலோரத்தில் நிற்கும் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கண்ட பறவையோடு நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதப் பழக்குவோம்.