மூன்றாவது முறை கிடைத்த எவரெஸ்ட்

எங்கள் பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் திருத்தணி. மலைக்கோயிலுக்கு 365 படிகள். கடைசிப் பத்துப் படி இருக்கும்போது திரும்பச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? எவரெஸ்டில் நம்மவர்கள் இரண்டு முறை அப்படித் திரும்பினார்கள்.

1960-இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் போன முதல் இந்தியக் குழு, உச்சிக்குச் சுமார் 700 அடி கீழே நின்றது. 1962-இல் மேஜர் ஜான் டயஸ் குழுவுக்குச் சுமார் 400 அடிதான் பாக்கி. இரண்டு முறையும் கடுங்காற்று விடவில்லை. உயிரோடு இறங்கினார்கள்.

1962-இல் அந்த உயரத்தில் திரும்பிய மூவரில் ஒருவர் கடற்படை அதிகாரி எம். எஸ். கோலி. 1965 குழுவுக்கு அவரே தலைவர். 21 உறுப்பினர்கள், 50 ஷெர்ப்பாக்கள், 25 டன் சாமான், சுமக்க சுமார் 800 பேர். முதல் முயற்சியை வானிலை கெடுத்தது. எல்லோரையும் கீழே இறக்கிக் காத்திருந்தார். காத்திருக்கவும் உணவும் ஆக்சிஜனும் வேண்டுமே! திட்டம் என்பது அதுதான்.

மே 20-இல் சீமாவும் நவாங் கோம்புவும் உச்சியில் நின்றார்கள். மே 22, 24, 29 தேதிகளில் மற்றவர்கள். மொத்தம் ஒன்பது பேர். 1960, 1962 இரண்டிலும் திரும்பிய சோனம் கியாட்சோவும் அதில் ஒருவர்.

இன்று பணம் கட்டி, வழிகாட்டியோடு இமயம் போகும் பிள்ளைகள் அதிகம். பூட்ஸ், கயிறு, கம்பளி என்று பட்டியல் போடுகிறீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவருக்குத்தான் அடுத்த முறை உண்டு.