எட்டுக் கலைகள் புகட்டிய பாடம்

அறிவியலார் சொற்களோடு அமையாது, கணிதத்தையும் கணினி நிரலையும் நாடுவது ஏன்? வரலாறு விடை பகர்கிறது.

டைக்கோ பிராகி 1601இல் மறைந்தபின், தொலைநோக்கியின்றி அவர் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த கோள்நிலைகள் கெப்ளரின் கைக்கு வந்தன. செவ்வாய் வட்டப் பாதையில் செல்வதாகக் கொண்டு கெப்ளர் கணக்கிட்டார். கணக்குக்கும் பிராகியின் குறிப்புக்கும் இடையே 8 கலை வேறுபாடு இருந்தது. ஒரு பாகையில் 60 கலைகள். ஆக, அது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால்பங்கே. 'ஏறக்குறையப் பொருந்துகிறது' எனச் சொற்கள் அதை மூடியிருக்கும். எண்கள் மூடவில்லை. கெப்ளர் வட்டத்தைக் கைவிட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டமே என்று 1609இல் நூலாக வெளியிட்டார்.

1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரன்ஸ், கணினியில் முன்பு செய்த கணக்கொன்றை இடையிலிருந்து மீண்டும் இயக்கினார். 0.506127 என்ற எண்ணுக்கு 0.506 என்று சுருக்கி இட்டார். முதலில் ஒத்துச்சென்ற வானிலை, போகப்போக முற்றிலும் வேறாயிற்று. இம்மியளவு மாற்றமும் பெருகிப் பெருகி வருங்காலக் கணிப்பையே குலைத்துவிடும் என்பதை லோரன்ஸ் உணர்ந்தார். கையால் போட்டு மாளாத அத்தனை படிகளையும் நிரல் பிசகாமல் நடத்தியதாலேயே இவ்வுண்மை புலனாயிற்று.

ஆம், கணிதமும் நிரலும் அறிஞரின் கருத்துக்கு அணிகலன்கள் அல்ல, உரைகற்கள். தன் பிழையைக் காணத் துணிபவருக்கே இயற்கை கதவு திறக்கிறது.