தானே சுருளும் லீஷ்: பெரிய நாய்களுக்கான தேர்வு

தானே சுருளும் லீஷ் என்பது, நாய் முன்னே போகப் போக நீண்டு, திரும்பி வரும்போது கைப்பிடிக்குள் தானாகச் சுருண்டுகொள்ளும் நாய்வார். கைப்பிடிக்குள் ஓர் உருளை, அதை எப்போதும் பின்னிழுக்கும் சுருள்வில், கட்டைவிரலால் அழுத்தும் பிரேக் ஆகிய மூன்றுமே இதன் உறுப்புகள். நியூயார்க்கைச் சேர்ந்த மேரி டெலேனி 1908இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1973இல் ஜெர்மனியில் மான்ஃபிரட் போக்டான் தொடங்கிய ஃபிளெக்ஸி நிறுவனம்தான் இதை உலகச் சந்தைப் பொருளாக்கியது. இன்று பெரும்பாலும் 3 முதல் 8 மீட்டர் வரை நீளும் வகைகள் விற்கின்றன. பெட்டியின் மேல் 15 கிலோ, 25 கிலோ, 50 கிலோ என நாயின் எடை அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவர்கள் அதைப் பார்த்தே எடுக்கிறார்கள். பெரிய நாயைப் பொறுத்தவரை அந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது நீளம்.

எடை எண் சொல்வது கருவி எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே. பிடித்திருக்கும் கை எவ்வளவு தாங்கும் என்பது அதில் இல்லை. கணக்கு எளிது. 30 கிலோ நாய் ஒன்று நின்ற இடத்திலிருந்து சீராக வேகமெடுத்துப் பாய்வதாகக் கொள்வோம். வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் கூடினால், ஒன்றரை மீட்டர் வார் முடியும் இடத்தில் அது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 5 மீட்டர் வார் முடியும் இடத்தில் 25, 8 மீட்டரில் 32. இயக்க ஆற்றல் ஓடிய தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், 8 மீட்டர் வாரின் முனையில் கைக்கு வந்து சேர்வது ஒன்றரை மீட்டரில் வருவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் ரீலும் இதுபோன்ற உருளைதான். ஆனால் அதில் டிராக் உண்டு. பெரிய மீன் இழுத்தால் நரம்பு இறுக்கத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கொடுக்கும், அதிர்ச்சி பரவிப் போகும். லீஷில் அந்த நடுநிலை கிடையாது: ஒன்று தடையின்றி ஓடும், அல்லது சட்டென்று பூட்டிக்கொள்ளும். மீனுக்குக் கொடுத்த சலுகையை நாயின் கழுத்துக்கும் மனிதரின் தோளுக்கும் யாரும் கொடுக்கவில்லை.

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2001 முதல் 2020 வரை வார் பிடித்து நாயை நடத்திச் சென்று காயமடைந்த பெரியவர்கள் ஏறத்தாழ 4.22 லட்சம் பேர் என மதிப்பிட்டது. விரல் எலும்பு முறிவு, மூளைக் காயம், தோள் சுளுக்கு ஆகியவை முன்னணியில் இருந்தன. நாய் இழுத்தோ வாரில் சிக்கியோ தடுக்கியோ விழுந்ததே பெரும்பாலும் காரணம். இந்த எண் எல்லா வகை வார்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. சுருளும் லீஷை மட்டும் குற்றவாளியாக்க அது போதாது. ஆனால் காயத்தின் காரணங்களாகச் சொல்லப்பட்ட இழுப்பும் சிக்கலும், நீளம் கூடக் கூட வளர்பவை. மெல்லிய கயிறு வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடும் கயிற்றைக் கையால் பிடித்தால் அது தோலை அறுக்கும், விரலைச் சுற்றினால் எலும்புவரை போகும்.

திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு மீனவக் குப்பங்களை எண்ணிப் பார்த்தால் நீளத்தின் பொருள் இன்னும் தெளிவாகும். கரையில் உலரும் வலைகளும் படகுகளைக் கட்டிய கயிறுகளும் கிடக்கும் இடத்தில், 5 மீட்டர் நாடா ஒரு திருப்பத்தில் எதையாவது சுற்றிக்கொள்ளும். நஷ்டம் நாய்க்காரருக்கு மட்டுமல்ல, வலைக்காரருக்கும்தான். பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் இங்கே சேற்றில் இரை தேடுகின்றன. நாயைக் கண்டு அவை எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் மேய்ச்சல் நேரமும் சேர்த்த கொழுப்பும் வீணாகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை கண்ணால் கண்டதைத் துரத்தும் வேட்டை இனங்கள். எழும்பும் பறவைக் கூட்டம் அவற்றுக்கு அழைப்பு. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் கிராமப்புற நுழைவுச் சட்டம், பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஜூலை வரை திறந்தவெளிகளில் நாய்களுக்குக் குட்டை வாரைக் கட்டாயமாக்கியது. குட்டை வார் என்றால் 2 மீட்டருக்கு மிகாத, மாறாத நீளமுள்ளது என்றும் வரையறுத்தது. ‘மாறாத’ என்ற அந்த ஒரு சொல்லிலேயே சுருளும் லீஷ் வெளியே நின்றுவிடுகிறது.

பெரிய நாய்க்குத்தான் ஓட இடம் வேண்டும், குட்டை வார் கொடுமை அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சுருள்வில் எப்போதும் சற்றே இழுத்தபடி இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்பதையே நாய் கற்கிறது. வலையும் பறவையும் இல்லாத வெட்டவெளியில், கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புக் கச்சையில் மாட்டிய 10 மீட்டர் நீளக் கயிறு அதே சுதந்திரத்தை இழுப்புப் பழக்கமின்றித் தரும். மண்ணில் புரள்வதும், கையில் எரியாதிருக்க உறை தேவைப்படுவதும் அதன் குறைகள். நன்றாக வளர்த்த நாய்க்குச் சுருளும் லீஷே போதும் என்ற வாதமும் பாதி சரி. கூப்பிட்டால் திரும்பும், வயதான, நிதானமான நாய்க்கு அது வசதியான கருவியே. இளநாய்க்கும், தெருநாயைக் கண்டால் சீறும் நாய்க்கும் அது ஆகாது.

அப்படியும் வாங்குவதானால், கயிறு வகையை விட்டு முழுநீளமும் அகன்ற நாடாவாக உள்ளதை, நாயின் எடைக்கு ஒரு படி மேலான அளவில், 5 மீட்டருக்கு மிகாமல் எடுக்கலாம். பெரிய உள்ளங்கைக்கு ஏற்ற பிடியும் வேண்டும்; கை நழுவினால் தடதடவென்று பின்னால் வரும் கைப்பிடியைக் கண்டே மிரண்டு நாய் இன்னும் வேகமாக ஓடும். கொக்கியையும் சோதிக்க வேண்டும். 2008இல் அமெரிக்காவில் ஸ்லைடாக் என்ற சுருளும் லீஷ்கள், உலோகக் கொக்கி முறிந்து பிடித்திருப்பவர் மீதே தெறித்ததால் திரும்பப் பெறப்பட்டன. உப்புக் காற்று வீசும் ஊரில் இந்தச் சோதனை ஒருமுறையோடு முடியாது. உருளைக்குள் புகுந்த மணல் பிரேக்கின் பல்லைத் தேய்க்கும், ஈரத்தோடு சுருண்ட நாடா சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். கரையிலிருந்து திரும்பியதும் நாடாவை முழுவதும் வெளியே இழுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.