தாழ்ச்சி என்ற சொல்லும் ஒரு துண்டும்

'தாழ்ச்சி' என்ற சொல்லைச் சிறுவயதில் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். மாலையில் பாட்டி ஜெபமாலையை எடுத்துச் சந்தோஷ தேவ இரகசியங்களைத் தொடங்குவார். கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்களவார்த்தை சொன்ன முதல் இரகசியத்தில் நாங்கள் கேட்கும் வரம் தாழ்ச்சி. கல்யாண வீட்டில் அதே பாட்டி பந்தி பரிமாறுகிற பிள்ளைகளிடம், "சம்பந்தி வீட்டாளுகளுக்கு ஒரு தாழ்ச்சியும் வந்திரக் கூடாதுய்யா" என்பார். அங்கே தாழ்ச்சி என்றால் குறை. வீட்டுக்குள் வரமாக இருக்கும் சொல் பந்தலுக்கு வந்ததும் குறையாகிவிடுவது எப்படி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு இந்தச் சொல்லின் பழைய வழிகளைத் தேடிப் போனபோது, எங்கு போனாலும் அதே இரட்டை முகம்தான் எதிரே வந்து நின்றது.

வேதத்தில் வரும் தாழ்ச்சிக்குக் கிரேக்க மூலச்சொல் 'தபெய்னொஸ்'. பள்ளமான நிலத்துக்கு அந்தச் சொல். மனிதருக்குச் சொன்னால் வசை: அற்பன், அடிமைப் புத்திக்காரன், காலைப் பிடிப்பவன். அரிஸ்டாட்டில் தம் அறநூலில் மெச்சுகிற மனிதர் வேறு வகை. பெரியவற்றுக்குத் தாம் தகுதி உடையவர் என்று அறிந்தவர், உண்மையில் தகுதியும் உடையவர். 'தபெய்னொஸ்' என்பதிலிருந்து பிறந்த 'தபெய்னொஃப்ரொசூனே', அதாவது தாழ்ந்த மனம், தத்துவஞானி எபிக்தேதுஸ் வாயிலும் இழிவாகவே வருகிறது. இத்தனைக்கும் அவர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். திருத்தூதர் பவுலுக்குப் பிந்தியவரும்கூட.

அந்த வசைச்சொல்லைத்தான் பவுல் எடுத்துப் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் நற்குணமாக வைத்தார். வெறுங்கையோடு அவர் அதைச் செய்யவில்லை. அவருக்குப் பின்னால் எபிரேயம் இருந்தது. எபிரேயத்தில் 'அனி' என்றால் ஒடுக்கப்பட்ட ஏழை, 'அனாவ்' என்றால் பணிவுள்ளவர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. எண்ணாகமம் மோசேயை 'அனாவ்' என்கிறது. பார்வோன் முன்னால் நிமிர்ந்து நின்று பேசிய மனிதருக்கு அந்தப் பட்டம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்த ஏழைகளையும் பணிவுள்ளவர்களையும் பல இடங்களில் 'தபெய்னொஸ்' என்றே எழுதினார்கள். வசைச்சொல் மெல்லக் கடவுளின் அண்மையில் வந்து உட்கார்ந்தது.

லத்தீன் சொல் 'ஹூமிலித்தாஸ்' மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' வழி வந்தது. செருக்கைக் குறிக்கும் எதிர்ச்சொல் 'சூபெர்பியா'வின் முன்னால் 'மேலே' என்னும் பொருள் ஏறி நிற்கிறது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்றார். அதில் வீண்புகழும் செருக்கும் தனித்தனி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை ஆன பெரிய கிரகோரியார் செருக்கைப் பட்டியலுக்கு வெளியே எடுத்து, எல்லாப் பாவத்துக்கும் வேர் ஆக்கினார். பின்னால் வந்தவர்கள் வீண்புகழை அதோடு சேர்த்துவிட, செருக்கு ஏழில் முதலாவது ஆனது. நாங்கள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழின் கதை இதுதான். முதலில் அகங்காரம், எதிரே தாழ்ச்சி.

வேதத்தைத் தமிழுக்குப் பெயர்க்க வந்தவர்களுக்குப் 'பெருமை' பெரிய சிக்கல். நம் மரபில் அது பாவமே அல்ல. தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கில் அது பிறக்கிறது என்கிறது. வள்ளுவர் பெருமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, பணிவைப் பெருமையின் அடையாளமாகவும், பெருமிதத்தைச் சிறுமையின் அடையாளமாகவும் பிரித்துக் காட்டினார். அவரிடத்தில் பணிவு பெருமைக்கு எதிர் அல்ல, பெருமைக்குள்ளேயே இருப்பது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் திருத்தம் பெற்று இன்றும் சீர்திருத்தச் சபைகள் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில், யாக்கோபு நிருபத்தில் கடவுள் எதிர்த்து நிற்பது பெருமையுள்ளவர்களை. நீதிமொழிகளில் 'அகந்தை', 'மனமேட்டிமை' என்ற அழுத்தமான சொற்களும் உண்டு. இருந்தாலும் ஜெப வீட்டுப் பேச்சில் நிலைத்தது 'பெருமை'தான். "தம்பிக்குப் பெருமை வந்திருச்சு" என்று ஒரு போதகர் சொன்னால் அது எச்சரிக்கை. அதே தெருவில் அடுத்த வீட்டில் அதே வாக்கியம் பாராட்டு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடி உழைத்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'செருக்கு' என்று போட்டது. வள்ளுவரின் பெருமை அதனால் தப்பியது என்றே நினைக்கிறேன்.

அதே மொழிபெயர்ப்பு செய்த இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரிது. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாட்டு இருக்கிறது. கடவுள் தம் அடிமையிடம் எதைக் கண்டார்? பழைய மொழிபெயர்ப்பில் 'தாழ்மை'யை. 1995இல் 'தாழ்நிலை'யை. கிரேக்கச் சொல் குறிப்பது நிலையைத்தான். "என் பணிவைக் கடவுள் பார்த்தார்" என்று ஒரு பெண் தன்னைத்தானே மெச்சிக்கொண்டால் அது எப்படிப் பணிவாகும்? தான் இருந்த பள்ளத்தைத்தான் மரியாள் சொல்கிறார். நாசரேத்து என்னும் சின்ன ஊர், பேர் தெரியாத இளம்பெண். அதனால்தான் அதே பாட்டில் அரியணையில் இருந்தவர்கள் இறங்குகிறார்கள், பள்ளத்தில் இருந்தவர்கள் ஏறுகிறார்கள். பள்ளத்தில் இருப்பதே புண்ணியம் என்றால் அவர்களை ஏற்றிவிட வேண்டிய தேவை என்ன?

இங்கேதான் தமிழ் இலக்கணம் எனக்குக் கைகொடுக்கிறது. தாழ்தல் ஒன்று, தாழ்த்துதல் இன்னொன்று. பிலிப்பியர் கடிதத்தில் கிறிஸ்து தம்மைத் தாமே தாழ்த்துகிறார். செய்பவரும் அவரே, செயலை ஏற்பவரும் அவரே. 'தாழ்த்தப்பட்டவர்' என்று சொல்லும்போதோ செய்தவர் வேறு யாரோ. 'தாழ்ச்சி', 'தாழ்மை' என்ற பெயர்ச்சொற்களில் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. தாழ்ந்தது யார், தாழ்த்தியது யார் என்று அவை சொல்வதில்லை. பவுலின் பேரால் வரும் கொலோசெயர் கடிதமே இந்த ஆபத்தைக் கண்டிருக்கிறது. அங்கே அதே கிரேக்கச் சொல் கண்டிக்கப்படும் பொருளில் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர் வெறும் 'தாழ்மை' என்று விட மனமில்லாமல் ஓரிடத்தில் 'கட்டாயமான' என்றும், இன்னோரிடத்தில் 'மாயமான' என்றும் அடைமொழி சேர்த்தார். மூலத்தில் அந்த அடைமொழிகள் இல்லை. ஆனால் 'கட்டாயமான தாழ்மை' என்ற தொடர் நம் ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில் இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து கூடின. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில், நடுவே சுவர். ஒரே பூசை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்படும்வரை இரு பக்கத்திலும் அதே ஜெபமாலையில் அதே தாழ்ச்சி வரத்தைத்தான் கேட்டிருப்பார்கள். ஒரு பக்கம் கேட்பதும் மறு பக்கம் கேட்பதும் எப்படி ஒன்றாகும்?

யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவுகிறார். கட்டிக்கொண்டது என்ன? பழைய மொழிபெயர்ப்பில் 'சீலை', 1995இல் 'துண்டு'. அந்தச் சொல்லை வாசித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கச் சொல்லித்தானே இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தாழ்த்தினார்கள்? துண்டைத் தோளில் போடுவதையே ஒரு போராட்டமாக்க வேண்டியிருந்ததே! இங்கேயோ யாரும் சொல்லாமல், குரு என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கப்பட்ட ஒருவர் அதைத் தாமாக எடுத்து இடுப்பில் கட்டுகிறார்.

எங்கள் ஊரில் ஒரு பெரிய வியாழன் மாலை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. எட்டாவதில் ஒரு முதியவர், காலம் முழுக்க அடுத்தவர் வயலில் நின்ற கால், குதிகாலில் வெடிப்பு. உட்கார்ந்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார், யாரும் சொல்லவில்லை. சாமியார் மேலங்கியைக் கழற்றி, வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டி, ஒவ்வொருவராக முழங்காலிட்டு வந்தார். பித்தளைக் குடுவையிலிருந்து தண்ணீர் விழுந்தபோது முதியவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சாமியார் காத்திருந்தார். பிறகு குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, வெடிப்புக்குள் படும்படி மெதுவாகத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். எழுந்து அடுத்த நாற்காலிக்கு நகரும்முன், மடியில் சுருண்டிருந்த துண்டை எடுத்து உதறி, அவர் தோளில் போட்டார்.